இஞ்ஞாசி மண்டோரின் கைக்குள் இருக்கும் ஆட்கள்

வலது மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை பென்சிலால் தட்டிக்கொண்டே வருகிறார் இஞ்ஞாசி. எங்கே சுர்ரென்கிறதோ அங்கே ஒரு புள்ளி வைக்கிறார். விடிகாலையில் சிராங்கூன் சாலையோரம் துடைப்பத்தோடு நிற்கும் பதினான்கு துப்புரவாளர்களுக்கும் இது பழகிவிட்டது. இவர்களை வேலை வாங்கும் மண்டோர் முதலில் கைக்குள் இருக்கும் ஆட்களைப் பார்ப்பார்; பிறகுதான் இவர்கள் பெயரைக் கூப்பிடுவார்.

ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன் தேக்கா சந்தைக்குப் பின்னால் சாக்கடை அடைப்பை எடுக்கக் கையை விட்டார். உடைந்த போத்தல் நரம்பை அறுத்துவிட்டது. தைத்துவிட்ட டாக்டர் விளக்கினார்: "அறுந்த இடத்துக்குக் கீழே நரம்பு செத்துடுச்சு. ரத்தத்துலேருந்து செல்லுங்க வந்து அந்தக் குப்பையைத் தின்னும். நரம்போட உறையில இருக்கிற செல்லுங்களும் கூடச் சேர்ந்து வழியைச் சுத்தம் பண்ணும். அப்புறம் புது நரம்பு மாசத்துக்கு ஒரு இஞ்சு வளரும்."

இஞ்ஞாசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவங்களுக்கு மண்டோர் யாரு டாக்டர்?"

யாருமில்லை என்றதும் அந்தப் பொறுப்பையும் தாமே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கைக்கும் திட்டு விழுகிறது. "மூலையில கிடக்கிறதை எவன் அள்ளுவான்?" ஞாயிற்றுக்கிழமை மட்டும் தட்டமாட்டார். "அவங்க பூசைக்குப் போகவேணாமா?" அவர்களுக்குத் தெம்பு வேண்டுமென்று மனைவி மதலேனாவிடம் தினம் இரண்டு முட்டை கேட்கிறார். தின்பது என்னவோ இவர்தான்.

ஒருமுறை பத்து நாளாகப் புள்ளி நகரவே இல்லை. "ஸ்டிரைக் லா," என்றார், முகம் செத்துப்போய்.

"நீங்க திட்டுற திட்டுக்கு எவன் வேலை செய்வான்?" என்றாள் மதலேனா.

அன்று முழுக்கக் கையிடம் மரியாதையாகப் பேசினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உள்ளூரப் பயம். ஆறாம் மாதப் பரிசோதனையில் விரல்நுனியில் உணர்ச்சி இல்லையென்றால் வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் கோட்டர்ஸும் போகும். மதலேனாவை எங்கே கூட்டிப்போவது?

பரிசோதனைக்கு இன்னும் ஒரு வாரம். புள்ளி நடுக்கணுவைத் தாண்டிவிட்டது. நுனி மட்டும் மரக்கட்டையாகவே இருந்தது. நேற்று தேநீர்க் கடையில் பரிமாறும் அஸ்மத் நீட்டிய குவளை ததும்பி, கொதிக்கக் கொதிக்க அந்த நுனியில் கொட்டியது.

"சேசுவே!" என்று துள்ளினார் இஞ்ஞாசி.

"மன்னிச்சுக்குங்க அண்ணே!" அஸ்மத் ஈரத்துணியோடு ஓடிவந்தான்.

துணியைத் தள்ளிவிட்டு, சிவந்த சுண்டுவிரலை அவன் முன்னால் நீட்டினார் இஞ்ஞாசி. "இன்னும் கொஞ்சம் ஊத்து லா."