அரைப் பேர்

சிகிச்சை தொடங்கிய வாரம் என் நாத்தனார் தைப்பிங்கிலிருந்து இரண்டு பைகளோடும் ஒரு பெரிய போத்தல் நல்லெண்ணெயோடும் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குப் போனார். என் மிளகாய்த் தூள் டப்பாவை எடுத்து, எனக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தார்.

"இனிமே இது ஒனக்கு ஆகாது" என்றார்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவரை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

இடது மார்பில் கட்டி. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள், புண்ணும் ஆறிவிட்டது. அடுத்தது கதிர் சிகிச்சை. எங்கள் பக்கத்தில் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஈப்போவுக்குப் போய்வர வேண்டும், பல வாரங்களுக்கு. பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய காரில் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டார். ஷா ஆலாமில் இருக்கும் என் மகன் போனில் பேசினான்.

"ம்மா, இதெல்லாம் முடியட்டும். அப்புறம் நீங்க தனியா சமாளிக்கிறீங்களான்னு பாப்போம். முடியலன்னா இங்க வந்துருங்க லா. வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்."

"பாப்போம்" என்றேன். போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. அவன் இருப்பது பதினாறாவது மாடி. நல்ல மருமகள், நல்ல பேரப்பிள்ளைகள், ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் லிஃப்டில் கீழே இறங்கினால் எந்தப் பக்கம் போவதென்று எனக்குத் தெரியாது. இங்கே, சுங்கை சிப்புட் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், நான் ரப்பர் மரம் சீவிய தோட்டம் இருந்த இடத்திலேயே என் வீடு இருக்கிறது. ரப்பரெல்லாம் போய் இப்போது பாமாயில் எடுக்கிற செம்பனை. தோட்டத்தை விற்றபோது வேலைக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று என்னுடையது. இதை விட்டு நான் போக மாட்டேன் என்று மனசுக்குள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதைச் சொல்ல, முதலில் நான் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. குளிர்ந்த அறை, கடினமான படுக்கை. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். மிஷின் சுற்றி வரும். வலி இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அக்கா என்னவோ நான் போர்முனையிலிருந்து திரும்பியதைப் போல எழுந்து வருவார். "இவ்வளவுதானா?" என்று நான்கூடக் கேலியாகக் கேட்டேன்.

பேசியிருக்கக் கூடாது. அடுத்தடுத்த வாரங்களில் களைப்பு வந்தது. மரம் சீவிய காலத்தில் எனக்குக் களைப்பு தெரியாதா? ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்த களைப்பு சாப்பிட்டுப் படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் போகாத களைப்பு. தூங்கி எழுந்தால் தூங்கியதற்கே களைப்பாக இருந்தது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்து, பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலை சீவப் போய்ச் சீப்பு கனத்தது. ஒருநாள் துணி காயப்போட முடியாமல், ஈரத் துணி வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வலியில் அழவில்லை. ஒரு பாவாடையைக் கொடியில் போட முடியவில்லையே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

அக்காவுக்கு இது எல்லாம் புதிதாகத் தெரியவில்லை. அவர் கணக்கில் இதுவும் பிள்ளைப்பேறு மாதிரிதான். உடம்பைத் திறந்தார்கள், சூடு வைத்தார்கள், ஆகவே பச்சை உடம்பு. குடும்பத்தில் எத்தனையோ பேருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த கை அது. எனக்குக் காதை மூடித் துண்டு கட்டினார். ஜன்னலைச் சாத்தினார். விசிறியை நிறுத்தினார். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. குளிர்ந்த தண்ணீர் கேட்டால் முறைத்தார். வாசல் பக்கம் போனால், "காத்து பட்டுச்சுன்னா காலத்துக்கும் போகாது, உள்ள வா" என்றார். எங்கள் ஊர் வெயிலில், சாத்திய அறைக்குள், தலையில் துண்டோடு நான் வேர்த்துக் கிடந்தேன். பிறந்த குழந்தை ஒன்றுதான் பக்கத்தில் இல்லை.

சாயங்காலமானால் பின்கட்டில் நின்று மகனுக்குக் குரல் செய்தி அனுப்புவார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவர் நினைப்பு. "அவளால முடியலப்பா. எந்திரிச்சு நிக்கவே மாட்டேங்கிறா. நீ வந்து கூட்டிட்டுப் போயிரு." எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். என் வீட்டிலேயே எனக்கு எதிராக வேவு பார்க்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் வைத்த ரசத்தையே குடிப்பேன்.

தோல் சிவந்து காந்தத் தொடங்கியதும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, குழந்தைக்குத் தடவுவது போல மெதுவாகத் தடவிவிட்டார். உண்மையைச் சொன்னால் சுகமாக இருந்தது. அந்தக் கையில் அவ்வளவு அன்பு இருந்தது. மறுநாள் சிகிச்சை அறையில் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெண் என் மேல்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மசாலா தடவிய கறி மாதிரி மஞ்சளாக இருந்தேன். மிஷின் குறி வைப்பதற்காக அவள் என் தோலில் போட்டிருந்த கோடுகளில் பாதி அழிந்திருந்தது. எண்ணெயைப் பதமாகத் துடைத்து, திரும்பக் கோடு போட்டு, அன்றைக்கு எல்லாருக்கும் தாமதம். அங்கே கொடுத்த களிம்பைத் தவிர வேறெதுவும் தடவக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

அவள் வெளியே வந்து அக்காவிடம் மலாயில் பொறுமையாகச் சொன்னாள். எண்ணெய் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். பிறகு என்னைப் பார்த்து, அதே மலாயில், "நல்லா நடக்கிறீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"எங்க நடக்கிறது? படுத்தே கெடக்கிறேன்."

"படுத்தே கிடந்தா களைப்பு கூடத்தான் செய்யும். தினமும் கொஞ்சம் நடங்க. முடியாத அன்னைக்குப் பாதி நடங்க. சிகிச்சை முடிஞ்ச பிறகும் சில வாரம் களைப்பு இருக்கும், அப்பவும் விட்டுடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "அதுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். ஆனால் எண்ணெய்ப் போத்தலைத் தன் பைக்குள் வைத்துவிட்டார்.

பாதி என்ற சொல் எனக்குள் நின்றுவிட்டது. தோட்டத்தில் விடிவதற்கு முன்பே எல்லாரும் ஒரு களத்தில் கூடி நிற்போம். அதற்குப் பெரட்டு என்று பெயர். வந்தவர்களுக்கெல்லாம் தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் போடுவார். வேலையை முடித்தால் முழுப் பேர். மழை வந்தோ, உடம்பு முடியாமலோ பாதியில் திரும்பினால் அரைப் பேர். அரைப் பேர் வாங்கியவரை யாரும் குறைவாகப் பேசியதில்லை. எழுந்து பெரட்டுக்கு வந்தாரே! பேரே இல்லாமல் லயத்து வீட்டில் கிடப்பதைத்தான் பேசுவார்கள். நான் பல வாரமாகப் பேரே இல்லாமல் கிடந்தேன்.

அந்தப் பெரட்டுக் களம் இன்னும் இருக்கிறது. ஓரத்தில் மாரியம்மன் கோயில், நடுவில் பையன்கள் பந்து விளையாடுகிற புல். என் வீட்டிலிருந்து அங்கே போகிற வழியில், சரியாகப் பாதியில், பழைய ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை கிடக்கிறது. கூரையும் சுவரும் எப்போதோ போய்விட்டன. நான் வேலைக்குப் போகையில் கைக்குழந்தையாக இருந்த என் மகனை அந்தத் தரையில்தான் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவேன். ஆயாக் கொட்டகை வரை போய்த் திரும்பினால் அரைப் பேர், கோயில் வரை போனால் முழுப் பேர் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

அக்கா டிவியில் நாடகம் பார்க்கிற நேரம்தான் எனக்குத் தோது. அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் விளம்பரம் வந்த பிறகுதான் எழுவார். முதல் நாள் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவினேன். நாலு வீடு தாண்டவில்லை, நெஞ்சு அடைத்தது. ஒரு வீட்டுக் குட்டிச்சுவரில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அன்றைக்குப் பேர் இல்லை. ஆனால் முகத்தில் காற்று பட்டது. எவ்வளவு நாள் கழித்து! அடுத்த நாளும் போனேன். ஒருநாள் ஆயாக் கொட்டகைத் தரை காலில் பட்டது. அன்று இரவு ரசத்தை முறைக்காமல் குடித்தேன்.

ஒருநாள் நான் திரும்பி வருகிறபோது அக்கா கேட்டில் நின்றார். உள்ளே நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத் திட்டு வாங்கப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"சொல்லாமப் போறியே புள்ள. என் தம்பி சொல்லிட்டுப் போயும் திரும்பி வரலியே."

என் கணவர் ஒரு காலையில் ரொட்டி சானாய் வாங்கி வருகிறேன் என்று மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர். ரோட்டோரத்திலேயே நெஞ்சு வலி வந்து முடிந்துவிட்டது. அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இதே கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

"எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாடான்னு சொன்னேன்" என்றார். "அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரு வாசலத் தாண்டினாலும், திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வேற வேல ஓடாது."

ஜன்னலைச் சாத்தியது, துண்டு கட்டியது, மகனிடம் கூட்டிப் போகச் சொன்னது எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கணவர் போனதை நான் மட்டும்தான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நீங்களும் வாங்கக்கா, நான் எங்கேயும் போயிர மாட்டேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து அக்கா குடையோடு வந்தார். மழைக்கும் வெயிலுக்கும் இல்லை, காற்றுக்காம். நான் பேர் போடுகிற கணக்கைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அவரும் கல்யாணத்துக்கு முன் இதே களத்தில் நின்றவர்தானே. "இன்னிக்குப் பேரு கெடையாது, போ" என்றும், "சரி சரி, அரைப் பேரு" என்றும் அவரே கிராணியாகிவிட்டார். எத்தனையோ நாள் அரைப் பேர். கோயிலின் கோபுரம் தெரியும், கால் வராது. மகனுக்குப் போகும் குரல் செய்தி மட்டும் நிற்கவில்லை.

சிகிச்சை முடிந்தது. அந்தப் பெண் சொன்னது போலவே களைப்பு போகவில்லை, இன்னும் மோசமானது. அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்து, சனிக்கிழமை வருகிறேன் என்றான். அத்தை சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கொஞ்சம் சாமான் கட்டிக்கொள்ளலாம் என்றான். அந்த வாரம் முழுக்க நான் அரைப் பேரைத் தாண்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவன் வருவதற்குள் ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினோம். ஆயாக் கொட்டகைத் தரையை அடைந்ததும் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நீ நில்லாத, போ. நான் இங்கருந்து பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் பார்வைக்குள்ளேயே நடந்தேன். நின்று நின்று போனேன். கோயில் படியைத் தொட்டு, அம்மனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நான் தரையை நெருங்கியபோது மகனின் கார் வேகமாக வந்து நின்றது. பூட்டிய வீட்டைப் பார்த்துப் பயந்து தேடி வந்திருக்கிறான். தரையில் உட்கார்ந்திருக்கும் அத்தையையும், வேர்த்து வழிய நிற்கும் என்னையும் பார்த்து, "என்னாச்சு? அம்மா விழுந்துட்டாங்களா?" என்று கத்தினான்.

"அவளுக்கு ஒன்னும் ஆகல" என்றார் அக்கா. "அவ கோயிலு வரைக்கும் போயிட்டு வந்துட்டா. அவளுக்கு இன்னிக்கு முழுப் பேரு. எனக்குத்தான்பா அரைப் பேரு. என்னைத் தூக்கி வண்டில போடு."

"அத்தை, நீங்கதானே சொன்னீங்க, அம்மாவால முடியலன்னு?"

"சொன்னேன். இப்ப நான் சொல்றேன், அவ எங்கயும் வரல."

பின் சீட்டு முழுக்க மடித்த அட்டைப் பெட்டிகள். அக்கா உட்கார இடமில்லை. மகன் என்னைப் பார்த்தான். பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டு, அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றினான். எனக்கும் முன் கதவைத் திறந்தான்.

"நீங்க முன்னால போய்ச் சோத்துக்கு ஒல வைங்க" என்றேன். "நான் நடந்து வாரேன்."

கார் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. திரும்பி முறைத்தேன். அப்புறம்தான் முந்திக்கொண்டு போனது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல்கள் திறந்திருந்தன, மிளகாய்த் தூள் டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது.