கொளுவியாச்சோ?

உதயகுமாரியின் காருக்கு முன்பக்கம் ஒரு வால் உண்டு. மூக்குக்குக் கீழே தொங்கும் அந்த வயரைக் கார் நிறுத்துமிடத்துக் கம்பத்து மின்சாரத்தில் மாட்டி, நேரத்தையும் வைத்துவிட்டால், பனியில் கிடக்கும் எஞ்சின் விடியுமுன் சூடாகிவிடும். மாட்டாவிட்டால் அந்தப் பழைய டீசல் கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஸ்ட்ரோம்மன் பக்கத்து முதியோர் இல்லச் சமையலறைக்கு அந்தக் காரில்தான் இருவரும் வேலைக்குப் போனோம். ஆகவே அந்த வாலில் எனக்கும் அக்கறை உண்டு.

வயரை மாட்டுவதை எங்கள் பேச்சில் கொளுவுவது என்போம். சண்டை பிடிப்பதற்கும் அதே சொல்தான். உதயகுமாரி இரண்டிலும் கெட்டிக்காரி.

அவளுடைய கணவர் பரமநாதன் தொலைவில் மேற்குக் கரையோர ஸ்தவாங்கரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்துப் போனவர். மனைவியும் பின்னால் வருவாள் என்று நினைத்துவிட்டார். கேட்கவில்லை, நினைத்துவிட்டார். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு வந்தவரிடம், "என்னைக் கேட்டோ வேலையை எடுத்தனீங்கள்?" என்று இவள் கொளுவினாள். மனுசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது.

தினமும் மாலையில் அவரிடமிருந்து போன் அடிக்கும். அவள் வீட்டில் என்னோடு தேத்தண்ணி குடித்தபடியே ஸ்பீக்கரில் போடுவாள்.

"இண்டைக்கு அங்கை மைனஸ் பன்னிரண்டாம். கொளுவியாச்சோ?"

"ஓம்."

"சரி."

அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்தவாங்கரில் மாரி முழுக்க மழை. அங்கே இந்த வாலைத் தேடுவாரில்லை. இவர் அங்கிருந்து ஒஸ்லோக் குளிரை அளந்துகொண்டிருக்கிறார்!

"பெண்சாதியை விட அவருக்குக் காரிலைதான் உருக்கம்," என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் போன் வரும் நேரத்தில் அவள் ஒரு நாளும் வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

பெப்ரவரியில் வாகனப் பரிசோதனைக்குப் போன கார் திரும்பி வரவில்லை. அடித்தட்டு முழுக்கத் துரு, இனித் திருத்திப் பிரயோசனமில்லை என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு மாறினோம். அன்று மாலையும் போன் அடித்தது.

"கொளுவியாச்சோ?"

"ஓம்," என்றாள்.

எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. மறுநாளும் அதே ஓம். அதற்கு மறுநாளும்.

"இல்லாத காருக்கு ஏன் பிள்ளை பொய் சொல்லுறாய்?"

"சும்மா இருங்கோ அக்கா."

பிறகு ஒரு நாள் குளிர் மைனஸ் இருபதைத் தொட்டது. பரமநாதனின் குரலில் பதற்றம் தெரிந்தது.

"இண்டைக்குக் கொஞ்சம் முந்தியே நேரத்தை வையும். பிளக் இறுக்கமா நிக்குதோ எண்டு பாத்தனீரோ?"

உதயகுமாரி கோப்பையைக் கீழே வைத்தாள். "கொளுவக் கார் இல்லை. அது போய் ரெண்டு கிழமை."

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனீர்?"

"இல்லையெண்டு சொன்னால் நீங்கள் பிறகு போன் எடுக்க மாட்டியள்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பரமநாதன் "சரி" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. போனைப் பார்த்தபடியே இருந்தாள். நான் பரமநாதனைத் திட்டத் தொடங்கிய வேளையில் அது அடித்தது.

"இண்டைக்கு அங்கை மைனஸ் பதினாறாம்," என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "பஸ்ஸுக்கு நிக்கேக்கை காலுக்கு என்ன போடுறனீர்?" என்றார்.

"இவ்வளவு நாளும் எனக்குக் கால் இருக்கிறது உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று சண்டையைப் பிடித்தாள் உதயகுமாரி.

நான் கோப்பையை வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். சுவருக்கு அப்பால் அவர்கள் பேச்சில் ஸ்தவாங்கர் வந்தது, வேலை வந்தது, கேட்காமல் நினைத்துக்கொண்டது வந்தது. அவரும் விடவில்லை.

காலையில் பஸ் தரிப்பில் அவளைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன. முகத்தில் மட்டும் நத்தாருக்குப் பிறகு நான் காணாத சிரிப்பு.

"என்ன பிள்ளை?"

"நேற்று ஒரு மணித்தியாலம் நல்லாக் கொளுவினனாங்கள் அக்கா," என்றாள்.