சாய்த்து வெட்டிய துணி

தொழிற்சாலையில் அவளைக் கோணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எதையும் கோணம் பார்த்தே பேசுவதால் வந்த பேர்; அவளுக்கு அதில் வருத்தமில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சோதனை அறையில் ஒரே வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு துணிச் சுருளிலும் மூன்று பட்டைகள் வெட்டுவாள்: நீளவாக்கில் ஓடும் பாவு நூலோடு ஒன்று, அகலவாக்கில் ஓடும் ஊடை நூலோடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஒன்று. மூன்றையும் இழுவை இயந்திரத்தில் மாட்டி, எது எவ்வளவு நீள்கிறது, எப்போது கிழிகிறது என்று எழுதிவைப்பாள். துணி ஒன்றுதான், இழுக்கிற பக்கத்துக்கு ஒரு குணம் காட்டும்.

இந்தப் புத்தி வீடுவரை வந்திருந்தது. "நேரா ஒரு பதில் சொல்லேன்" என்று கணவர் அலுத்துக்கொண்டால், "எந்தப் பக்கத்துலருந்து நேரா?" என்பாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரிப்பார்.

தொழிற்சாலையில் தைத்தது, எழுந்து நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் தூக்குத்துணி. நான்கு மூலையிலும் வார் இருக்கும். தூக்கும் இயந்திரத்தில் மாட்டினால் தொட்டில்போல ஆளைச் சுமக்கும். ஒருநாள் ஒரு மருத்துவமனை நர்ஸிடமிருந்து கடிதம் வந்தது. புதுத் துணியில் தூக்கியபோது ஒரு அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஒருபக்கமாகச் சரிந்துவிட்டாராம். நல்லவேளை, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துவிட்டார்கள்.

பழி தையல் பிரிவின் தலையில் விழுந்தது. அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் அவளுடைய நாத்தனார். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே பேருந்தில் வந்தாலும் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். அன்றைக்கு மதிய இடைவேளையில் நாத்தனார் தானாகவே சோதனை அறைக்கு வந்து நின்றாள்.

"இத்தனை வருஷத்துல என் தையல் ஒண்ணு பிரிஞ்சு பார்த்திருக்கீங்களா, அண்ணி?"

அவள் பார்த்ததில்லை. திரும்பி வந்திருந்த தூக்குத்துணியை மேசையில் விரித்தாள். தையலில் ஒரு நூல்கூட விலகவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியையே குனிந்து பார்த்தாள். வாரோடு நேராக ஓடவேண்டிய பாவு நூல் சாய்வாக ஓடிக்கொண்டிருந்தது.

விடுவிடுவென்று வெட்டும் அறைக்குப் போனாள். மூன்று மாதமாக, துணி வீணாகாமல் இருக்க அச்சுகளைச் சாய்த்து வைத்து வெட்டுகிறார்களாம். மேலாளரின் யோசனை. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது.

அவள் போய்க் கேட்டதும் மேலாளர் அவளுடைய அறிக்கையையே எடுத்து நீட்டினார். துணி நன்றாக இருக்கிறது என்று அவள்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்?

"துணி நல்ல துணிதான் சார். நாம அதைத் தொங்கவிட்ட பக்கம்தான் தப்பு."

அவர் நம்பவில்லை. அவள் நேராக வெட்டியது ஒன்று, சாய்த்து வெட்டியது ஒன்று என்று இரண்டை அருகருகே தொங்கவிட்டு, இரண்டிலும் ஒரே எடைக்கு மணல் மூட்டை வைத்தாள். மாலைக்குள் நேரானது இரண்டு விரல் இறங்கியிருந்தது. சாய்ந்தது ஒரு சாண். மணல் மூட்டையும் மனுஷனும் ஒன்றா என்றார் மேலாளர். சரி, நீங்களே ஏறுங்கள் என்றாள்.

அவர் நல்ல ஆகிருதி. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்த துணியில் ஏறி உட்கார்ந்தார். தையல் பிரிவே வாசலில் எட்டிப் பார்த்தது. முதலில் ஜம்மென்றுதான் இருந்தார். பத்து நிமிஷத்தில் குதிகால் தரையைத் தொட்டது, உடம்பு இடப்பக்கமாகத் திரும்பியது, கைகள் பிடிமானம் தேடின.

"போதும்மா, இறக்குங்க" என்றார் மெதுவாக. அடுத்து நேரான துணியில் ஏறியவர், இறங்க அவ்வளவு அவசரம் காட்டவில்லை.

மூன்று மாதத் துணிகளும் திரும்பப் பெறப்பட்டன. மேலாளர் தையல் பிரிவுக்கே போய், தவறு தன்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று மாலை பேருந்தில் நாத்தனார் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோணக்கா போய் அங்கே உட்கார்ந்தாள்.

புதுத் துணிகளை மருத்துவமனைக்கு அவளே கொண்டுபோனாள். அன்று சரிந்த அம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தச் சனியனில் இனி ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தார். நர்ஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கோணக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தானே துணியில் ஏறிப் படுத்து, தூக்கச் சொன்னாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதில் படுத்ததே இல்லை. உடம்பு மேலே எழுந்தபோது வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு துணி முதுகை வாங்கிக்கொண்டது. விட்டத்தைப் பார்த்தபடி ஆடாமல் கிடந்தாள்.

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. கம்பியைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

"எவ்வளவு நேரம் நீயே படுத்திருப்ப? இறங்கு, நான் வெளியில போய் உக்காரணும்."