அத்தை மகளுக்குப் பல்வலி

பல் பார்க்க வரும் நர்ஸ் மிஸ்ஸி, பிள்ளைகளை வண்டிக்குள்ளேயே முடித்துவிடுவாள் என்று ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது முழுமனதாக நம்பினேன். ஆதாரம் இருந்தது. என் வகுப்பிலேயே படித்த அத்தை மகள், பள்ளித் திடலில் நின்ற அந்த வெள்ளை வண்டிக்குள் திங்கட்கிழமை ஏறி இறங்கினாள். செவ்வாயிலிருந்து ஆளைக் காணோம். பல்வலி என்று டீச்சரிடம் சொல்லச் சொல்லி அத்தை என்னிடம்தான் சொல்லியனுப்பினார்.

அடுத்த வாரம் என் முறை. எனக்கு முன்னால் மூன்று பேர். வண்டிக்குள் ஏதோ கிர்ரென்றது. அவ்வளவுதான், கக்கூஸுக்குப் போவதாகச் சொன்ன வீரனாகிய நான், பின்வேலி ஓட்டையில் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அத்தையின் ஃபிளாட்டுக்கு ஓடினேன். நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. பயம் வேலை செய்தது.

கிரில் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே அத்தை மகள், இடுப்பில் ஆறு மாதத் தம்பி.

"மெதுவா பேசுடா. இப்பத்தான் அழுகைய நிறுத்துனான்."

"வாயத் தெற."

திறந்தாள். எல்லாப் பல்லும் இருந்தது.

"வலிக்குதா?"

"எனக்கு எங்கடா வலி? அம்மா ஃபேக்டரி பஸ் ஏறிப் போயிருச்சு லா. இவன யாரு பாக்குறது?" தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "டீச்சர் இன்னும் என் பேரக் கூப்பிடுறாங்களா?" என்றாள்.

"கூப்பிடுறாங்க."

உள்ளே போய்க் கணக்கு நோட்டை எடுத்துவந்து கம்பி இடுக்கில் நீட்டினாள். வகுப்பைவிட ஐந்து பக்கம் முன்னால் போயிருந்தாள்.

"டீச்சர்ட்ட குடு. வீட்லயே படிக்கிறா, பேர வெட்ட வேணாம்னு சொல்லு."

பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். திரும்பும் வழியில்தான் உறைத்தது. நோட்டு எப்படி வந்தது என்று கேட்டால்? வேலி, காற்சட்டை, பிரம்பு. சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, பையின் அடியில் திணித்தேன். மறுநாள் டீச்சர் விசாரித்தபோது, "இன்னும் பல்வலிதான் டீச்சர்" என்றேன். அன்றே மிஸ்ஸி என் வாயைப் பார்த்து, சொத்தையே இல்லை, நல்ல பையன் என்று கன்னத்தைத் தட்டினாள். நானும் நம்பிவிட்டேன்.

அத்தை பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பிள்ளை பார்க்க ஆள் வைத்தால் பாதிச் சம்பளம் அதற்கே போய்விடும் என்பதெல்லாம் எனக்கு விளங்கும் வயதில்லை. அடுத்த பள்ளித் தவணையில் டீச்சர் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. தம்பியைப் பள்ளியில் சேர்த்தபோது அவளுக்குப் பதினாறு. அவள் திரும்பப் பள்ளிக்குப் போகவில்லை.