ஆறாம் குழாய்

“நான் போயிட்டா என் மூளையைத் தானம் பண்ணிடு ஷர்மி. உங்க லேப்ல எலிக்கும் ஆட்டுக்கும் நடுவுல ஒரு எடம் குடுப்பாங்கல்ல?”

“ஆடு ஒத்துக்காது நந்து.”

மாதாப்பூர் வீட்டு பால்கனியில் சிரித்துக்கொண்டே பேசியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அதற்குப் பிறகு ஷர்மிளாவுக்கு நடந்தது அத்தனையும் உண்மை.

அடுத்த வருடமே அவள் கணவன் நந்தகுமார் பைக் விபத்தில் போனான். “வழியனுப்பிடுங்கம்மா” என்றார் ஐ.சி.யூ. டாக்டர். அவள் வாயில் வந்தது “போகாத” என்ற ஒரு சொல்தான். அவன் ஆசைப்படியே மூளை, வெளியூரில் ஒரு மூளை வங்கிக்குப் போயிற்று.

எலி, ஆடு, வௌவால், மனிதன்... எல்லோர் மூளையிலும் ஒரே பகுதியை எடுத்து, எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று ஒப்பிடுவது ஷர்மிளாவின் வேலை. உறைந்த துணுக்கைப் பொடித்துத்தான் பார்க்க முடியும். பொடித்தது போனதுதான். குழாயில் வரும் மனிதத் துணுக்குகளுக்கு எண் மட்டும் உண்டு, பெயர் கிடையாது.

வீட்டில் பேச ஆளில்லை. அதனால் எல்லாவற்றையும் குழாய்களிடம் சொல்லிக்கொண்டே பொடிப்பாள்.

காதால் கேட்பதை வாங்கிக்கொள்ளும் பகுதியில் ஒரு ஜீன் உண்டு. ஒரு குரல் விழுந்தால் சற்று நேரத்தில் விழித்துக்கொள்ளும். அது உயிருள்ள மூளையில். உறைந்த மூளையில் அது மாறவே கூடாது.

ஆறாம் குழாயில் விழித்திருந்தது.

கைத்தவறு என்று நினைத்தாள். பக்கத்து மேஜை ராகவேந்திரா, உள்ளூர் சனத்நகரில் வளர்ந்து உருது கலந்து பேசுபவன், அதே குழாயிலிருந்து இன்னொரு துணுக்கைப் பொடித்தான். தூங்கியது.

மறுபடி அவள், பேசிக்கொண்டே. விழித்தது.

அம்மன் திருவிழாவான போனாலு ஞாயிறு மதியம். லேபில் இருவர் மட்டும். தெருவில் காது கிழியும் மேளம். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு பொடித்தாள்.

தூங்கியது...

மேளத்துக்கு விழிக்கவில்லை. அவள் குரலுக்கு மட்டும்தான்.

“ஹவ்... ஆமா, இது மிஷின் கோளாறு இல்ல” என்றான் ராகவேந்திரா.

வராந்தாவுக்குப் போய், குழாயின் எண்ணைச் சொல்லி மூளை வங்கிக்கு போன் போட்டான். திரும்பி வந்தவன் அவளைப் பார்க்காமல், துணுக்குகள் இருக்கும் உறைபெட்டியைப் பார்த்தான்.

“யாருடா ஆறு?”

“நக்கோ ஷர்மி, வேணாம். கேக்காத.”

“சொல்லு.”

“நம்ம நந்து.”

டிக்... பெட்டிக்குள் ஏதோ.

“எப்ப வந்தது இங்க?”

“ரெண்டு வருஷமா இங்கதான். உன் நாற்காலிக்குப் பின்னாடி.”

இரண்டு வருடமும் அவள் பேசியது... அழுதது...

எல்லாம்.

மிச்சம் ஒரே ஒரு துணுக்கு.

“அதையும் பொடிச்சுப் பாத்துடலாமா?” என்றான்.

“வேணாம்.”

தினமும் “போயிட்டு வரேன்” என்பான். “போயிட்டு வா” என்பாள். வெறும் ‘போ’ என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் புகை.

டிக்...

டிக்...

குழாயை உதட்டருகே கொண்டுவந்தாள்.

“நந்து... கேட்டது போதும். நீ போ.”