ரெண்டு கட்டை தூரம்

சனிக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தபோது, விருந்தாளி சமையலறை வாசலில் வந்து நின்று, "பாப்பா எங்கம்மா?" என்று கேட்டார். அவர் மகள் முன்னறையில் அவரோடு இருப்பதாக நான் நினைத்திருந்தேன். பின்பக்கம் என்னோடு இருப்பதாக அவர் நினைத்திருந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இன்றைக்கும் பால் தீயும் வாசனை வந்தால் முதலில் வாசலைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

அவர் கடல் தாண்டி, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அங்கே ஒரு சிறு நகரத்திலும் இங்கே கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் கிளை வைத்திருந்த நட்புறவுச் சங்கத்துக்கு அந்தப் பக்கத்துச் செயலாளர் அவர். இந்தப் பக்கத்துச் செயலாளர் நான். எண்பதுகளின் தொடக்கம் அது. யாருக்கும் சம்பளம் கிடையாது. தோட்டப் பள்ளி ஆசிரியையான நான் ஓய்வு நாட்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி உறுப்பினர் சேர்த்தேன். அந்த டிசம்பர் விடுமுறையில் முதல் தடவையாகப் பிள்ளைகளை மாற்றி அனுப்புவது என்று முடிவானது. மற்றப் பெற்றோர் தயங்கவே, செயலாளர்கள் இருவரும் எங்கள் பெண்களையே முன்னால் நிறுத்தினோம். பதினைந்து வயதான என் மகள் அவர் வீட்டில், அவர் மனைவியின் பொறுப்பில் இருந்தாள். அதே வயதுள்ள தன் மகளை அழைத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார்.

வந்த சில நாட்களிலேயே தோட்டத்தில் அவரைப் பிடித்தவர் யாரும் இல்லை என்றாகிவிட்டது. அவர்களுடைய உறுப்பினர்கள் சேகரித்தவை என்று இரண்டு மூட்டை பாடப்புத்தகம் கொண்டுவந்திருந்தார். பாதிக்கு அட்டை இல்லை. எங்கள் பள்ளிக்கு அந்தப் பாடமும் இல்லை. லயத்தில் அவருக்குப் 'பழைய பேப்பர்' என்று பெயர் விழுந்தது. பள்ளியில் வைத்த வரவேற்பில் எழுந்து, "இங்க உங்க தமிழ் ரொம்பக் கெட்டுப்போச்சு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கோம்" என்றார். பின்வரிசையிலிருந்து தோட்டத்து லோரி டிரைவர், "திருத்திட்டு லைட்ட அணைச்சிட்டுப் போங்கலா" என்று குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் பெண் அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் மகளைக் கடைசியாகப் பார்த்தவள், கீழ் லயத்தில் இருந்த கொழுந்தெடுக்கும் பெண். நான் சங்கத்தில் சேர்த்த முதல் உறுப்பினர் அவள்தான். "கோயிலுக்கு வழி கேட்டுச்சு டீச்சர். சொன்னேன். மேல் ரோட்டுல போச்சு" என்றாள். என் கணவர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அவர் ஆபீஸ் வேனை எடுத்து, லோரி டிரைவரையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார். கோயிலில் அவள் இல்லை. கியா பார்ம் காய்கறிக் கடைகள் வரை போய் விசாரித்தார்கள். யாரும் பார்த்திருக்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது நனைந்துபோய்த் திரும்பினார்கள். மூடுபனி எங்கள் வாசல் வரை வந்துவிட்டது.

"இது என்ன ஊரு? பகல்ல ஒரு பொண்ணு நடக்க முடியாதா?" என்றார் விருந்தாளி.  அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஞாபகம் வச்சுக்குங்க. உங்க பொண்ணும் எங்க வீட்லதான் இருக்கா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னய்யா சொன்ன?" லோரி டிரைவர் முன்னால் வந்தார். "புள்ளய வச்சு மெரட்டுறியா? டேய், இவனுக்காக எவனும் தேட வேணாம். வாங்கடா போலாம்."

நான் அவர்களை மறித்தேன். "அவர் பேசினதுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

"நீங்க நவுருங்க டீச்சர்."

அதற்குள் விருந்தாளி, எங்களோடு வந்து நின்ற கொழுந்தெடுக்கும் பெண் பக்கம் திரும்பியிருந்தார். "நீதானே கடைசியாப் பார்த்தவ? என்ன சொல்லி அனுப்பின?"

"ரெண்டு கட்டை போன்னு சொன்னேன்."

"கட்டையில போன்னா? என் பொண்ணையா கட்டையில போகச் சொன்ன?" கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். அவர் காதில் அது பிணம் எரிக்கிற கட்டை. பெற்ற பிள்ளைக்கு விட்ட சாபம்.

"கைய எறக்கு! காது அடச்சிருச்சா பழைய பேப்பரு? ரெண்டு கட்டைன்னேன். வேன்ல கூட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன். தனியா நடக்கும்னு கனவா கண்டேன்?"

என் கணவர் நடுவில் புகுந்து அவர் கையைப் பிடித்தார். "கட்டைன்னா மைல்!" என்று நான் கத்தினேன். "இங்க மைலைக் கட்டைன்னுதான் சொல்லுவோம்!"

சாலைப் பலகைகளில் கிலோமீட்டர் வந்துவிட்டது. எங்கள் வாயில் இன்னும் கட்டைதான்.

அவருடைய கை இறங்கியது. "ரெண்டு மைலா? ரெண்டு மைல்னு தெரிஞ்சா அவ தனியாப் போயிருக்க மாட்டாளேம்மா." மேடைக் குரல் இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

அப்படியானால் அவர் மகள் எந்தக் கட்டையைத் தேடிக்கொண்டு போயிருப்பாள்? தொழிற்சாலைக்கு மேலே நிழல் மரங்களை வெட்டியிருந்தார்கள். சாலையோரம் இரண்டு அடிக்கட்டைகள் நின்றன. இரண்டாவதை ஒட்டி ஒரு ஒற்றையடிப்பாதை பள்ளத்துக் காட்டுக்குள், ஆறு வரைக்கும் இறங்கியது. "வெட்டுன மரம்" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்லி முடித்தபோது கொழுந்தெடுக்கும் பெண் அங்கே இல்லை. என் கணவர் வைத்திருந்த டார்ச்சும் இல்லை.

 தேட வேணாம் என்ற லோரி டிரைவரே ஆட்களோடு மேலே ஓடினார். பின்னாலேயே போன விருந்தாளியிடம், "நீ இங்கயே கெட. விழுந்தா ஒன்னையும் சேத்துத் தூக்கணும்" என்றார்.

அவரும் நானும் வாசலில் நின்றோம். "நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.  அவர் பெண் உயிரோடு வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில் பாதி என் பெண்ணுக்காகத்தான். தந்தி அடிக்கலாம் என்றாலும் திங்கட்கிழமை வரை தானா ராத்தா டவுன் தபால் நிலையம் திறக்காது. அங்கே என் மகள் யாரிடமாவது, "பஸ் ஸ்டாண்டு எத்தன கட்டை?" என்று கேட்டிருப்பாளா? அதைக் காதில் வாங்கியவர்கள் சிரித்திருப்பார்களா, கை ஓங்கியிருப்பார்களா?

பனிக்குள் டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்தான். வேலைக்கு இடுப்பில் கட்டும் படுதாவை அந்தப் பிள்ளைக்குப் போர்த்தி, தோளோடு அணைத்துக் கூட்டிவந்தாள். பிள்ளை ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"ரெண்டு கட்டையும் தாண்டினேன்பா. கோயிலே வரல" என்றாள்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கொழுந்தெடுக்கும் பெண் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டார்ச்சை என் கையில் வைத்தாள்.

"டீச்சர், மொதல்ல ஒங்க புள்ளய வரச்சொல்லித் தந்தி அடிங்க. அப்புறம் சங்கத்துலேருந்து எம்பேர அடிச்சிருங்க" என்றாள்.