சைனிக்புரி கார் ஷெட்டும் என் தெலுங்கும்

தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகத் தேங்காயைக் கொட்டி உருட்டுவதுபோல ஒரு சத்தம்...

சைனிக்புரிக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமை மதியம், அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

அப்போது மாதாப்பூரில் எனக்கு நைட் ஷிஃப்ட். பகல்தான் எனக்கு ராத்திரி. தென்காசியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வசந்தா ஆன்ட்டி வீட்டு மாடியில் ஒரு அறை. ஆன்ட்டியின் குடும்பம் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்டது. "அமைதியான ஏரியாம்மா" என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார். கீழே கார் ஷெட்டில் அவர் மகள் ரம்யா டிரம்ஸ் அடிப்பாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, சண்டைக்கென்றே இறங்கிப் போனேன்.

உள்ளே நாலு பேர். ரம்யா, இரண்டு கிட்டார், பாடுகிற கிரண். கிரணுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரை கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அதனாலேயே பேண்டுக்குப் பெயர் 'ஜெனரல் ஷிஃப்ட்'.

நான் வாயைத் திறப்பதற்குள் ரம்யா ஓடி வந்து, "அக்கா, கூர்ச்சோண்டி!" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதுவரை வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கத்திவிட்டுப் போனவர்களாம். உள்ளே வந்த முதல் ஆள் நான்தான்.

நாலு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். எப்படித் திட்டுவது?

உட்கார்ந்தேன். ஒரு பாட்டு முடிந்ததும் நாலு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு... ஆனா பாட்டு முடியறதுக்கு முன்னாடியே கிட்டார் முடிஞ்சிருது" என்றேன்.

ரம்யா குச்சியை கிட்டார்காரன் பக்கம் நீட்டி, "செப்பானா!" என்றாள். நான் அப்பவே சொன்னேனே என்று அர்த்தமாம்.

மேலே ஏறும்போது ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "கைக்கு போன நீ அங்க? கம்ப்ளெயின்ட் பண்ணப் போனவ கைதட்டிட்டு வர்றே! நக்கோ, சொல்லிட்டேன்!" ஆன்ட்டியின் தமிழில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்: 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம்.

ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். தூக்கம் போனது போகட்டும், பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. கிரணின் காதல் தோல்விப் பாட்டுகள் அத்தனையும் தெலுங்கு. அத்தனையும் எனக்கு மனப்பாடம். அர்த்தம்தான் தெரியாது.

இதற்கிடையில் ஆன்ட்டி ரம்யாவுக்குக் கெடு வைத்தார். "எவனாவது ஒருத்தன் உங்களைக் கூப்ட்டுப் பாட வைக்கட்டும். இல்லைன்னா தீபாவளிலேர்ந்து ஷெட்ல கார் நிக்கும்."

அலையோ அலையென்று அலைந்து மாதாப்பூரில் ஒரு காபி கடையைப் பிடித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கேட்க வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி முதல் வரிசையில், ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்பு சொல்ல வந்தவர்போல.

கிரணைக் காணோம். அடுத்த ஷிஃப்ட்காரர் வராததால் கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டான். "அரை மணி பாப்பேன், அப்புறம் டிவில மேட்ச் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.

ரம்யா என் கையைப் பிடித்தாள். "அக்கா... லிரிக்ஸ் அன்னி நீக்கு தெலுசு கதா?"

எல்லா வரியும் தெரியும்தான். ஆனால் நான் பள்ளிக்கூடப் பிரேயரில்கூட வாயசைத்தவள்!

எப்படி மேடையேறினேன் என்று இன்றுவரை தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நா குண்டு மீத வான..." என்று ஆரம்பித்தேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். ஒருவர் லேப்டாப்பையே மூடிவிட்டார்.

கிரண் எழுதியது 'குண்டெ'. தெலுங்கில் இதயம். 'என் இதயத்தின் மேல் மழை'. நான் பாடிய 'குண்டு' என்றால் தெலுங்கில் மொட்டைத் தலை.

விஷயம் தெரியாத நான், ரசிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் உருகி உருகிப் பாடினேன். மூன்றாவது தடவை வரும்போது கூட்டமே சேர்ந்து பாடியது.

அப்போதுதான் கிரண் மூச்சிரைக்க ஓடி வந்தான். கம்பெனியில் போடுகிற நீலத் தலைக்குல்லாய் இன்னும் தலையிலேயே இருந்தது. மொட்டைப் பாட்டுக்கு ஏற்ற வேஷம் என்று நினைத்துக் கூட்டத்தில் ஒரே விசில்!

மைக்கை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனை விட்டுப் போன பெண்ணைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு... 'குண்டு' என்றே பாடினான். பிறகு ரெக்கார்ட் செய்தபோதும் அதை மாற்றவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான், ரம்யா, ஆன்ட்டி. ஏ.எஸ். ராவ் நகர் தாண்டியதும் ஆன்ட்டி, "கார் வெயில்லயே நிக்கட்டும், போ" என்றார். ரம்யா அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அவர்களுடைய கச்சேரிக்குப் போயிருந்தேன். பெரிய மைதானம். கேட்டிருந்தால் ரம்யா பாஸ் அனுப்பியிருப்பாள். ஏனோ கேட்கத் தோன்றவில்லை. டிக்கெட் எடுத்துக் கடைசியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கிரண் கட்டைவிரல் உயரம்தான்.

அன்றைக்கு ஒரு பாட்டு முடிந்தால் நாலு பேரும் என் வாயைப் பார்ப்பார்கள். இன்றைக்கு அந்த இரைச்சலில் நான் கத்தினால் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி. நான் சும்மா நிற்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

"ஃபர்ஸ்ட் டைம் ஆன்ட்டி?"

கார் ஷெட், 'குண்டு' பாட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

"ஹவ்" என்றேன்.

"டோன்ட் வொர்ரி, சத்தம் பழகிடும்" என்று என் கையைப் பிடித்து, இன்னும் நன்றாகத் தெரிகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.